ரியாத் காலத்துப் பாட்டு: பழைய கேசட்டிலிருந்து சரியான சுருதியில் எடுப்பது எப்படி?

கீழக்கரை_நிலா (இழை தொடக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். வாப்பா ரியாத்தில் இருந்த காலத்துக் கேசட் ஒன்று. சோனி எச்.எஃப் 60, அட்டையில் 1984 என்று எழுதியிருக்கிறது.

ஏ பக்கம்: ஊரிலிருந்து கிளம்பும் முன் ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்த சினிமாப் பாட்டுகள். பி பக்கம்: ரியாத்தில் டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த செட்) பதிந்தது. வீட்டுக்குச் சொன்ன சேதி, அறையில் இருந்தவர்கள் சேர்ந்து பாடியது, ரேடியோவிலிருந்து பிடித்த பாட்டு.

வேண்டியது ஏ பக்கத்தின் மூன்றாவது பாட்டு. யூடியூபில் அதே பாட்டைப் போட்டால் வாப்பா "இது இல்லம்மா" என்கிறார்.

பிரச்சினைகள்: சத்தம் மந்தம், தாளச் சத்தமே இல்லை. பாட்டு இழுத்தாற்போல் கீழே இறங்கிப் பாடுகிறது. பின்னணியில் யாரோ தலைகீழாகப் பேசுவது லேசாகக் கேட்கிறது. கேசட் நடுவில் இருக்கும் சின்னப் பஞ்சு விழுந்துவிட்டது.

கையில் இருப்பவை: சவூதியிலிருந்து வந்த அதே டூ-இன்-ஒன், ஆன்லைனில் வாங்கிய யூ.எஸ்.பி வாக்மேன் ஒன்று, லேப்டாப். எங்கே தொடங்குவது?

---

நாடாச்சுருள்

முதல் வேலை, அந்தக் கேசட்டை இனி எதிலும் ஓட்டாதீர்கள். பஞ்சு இல்லாமல் ஓட்டினால் நாடா ஹெட்டில் (செட்டுக்குள் நாடாவைப் படிக்கும் பாகம்) படியாது. மந்தமாகக் கேட்பதற்குப் பாதிக் காரணம் அதுவே.

இரண்டாவது, முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். ஏ பக்கம் உங்களைப் பார்த்திருக்கும்போது மேலே இடது மூலையில் இருப்பது ஏ பக்கத்தின் காது, திருப்பினால் பி பக்கத்துடையது. காது இருக்கும்வரை யார் கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பதிவு அழியும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. சவூதியில் அப்போது வீட்டு மின்சாரம் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டூ-இன்-ஒன்னின் பின்பக்கம் அல்லது பேட்டரி அறைக்குள் 110 / 127 / 220 / 240 என்று ஒரு திருப்பு சுவிட்ச் இருக்கும். அது 110லோ 127லோ நின்றிருக்க, இங்கே 230 வோல்ட்டில் சொருகினால் டிரான்ஸ்பார்மர் எரியும். சுவிட்சே இல்லாமல் 110 மட்டும் எழுதியிருந்தால் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். நாற்பது வருஷப் பெல்ட்டு உள்ளே தார்போல இளகிக் கிடக்கும், அதையும் மாற்றாமல் ஓட்டக் கூடாது. அந்த செட்டைப் பழுதுபார்த்து வையுங்கள், தப்பில்லை. ஆனால் இந்த வேலைக்கு அது வேண்டாம்.

யூ.எஸ்.பி வாக்மேனும் வேண்டாம். அதன் இழுப்புச் சீராக இருக்காது, நீண்டு ஒலிக்கும் வயலின், புல்லாங்குழல் எல்லாம் நடுங்கும். டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் முறை) கிடையாது. ஒலியை டிஜிட்டலாக்க உள்ளே இருக்கும் மாற்றி தரும் இரைச்சல் கேசட்டின் இரைச்சலைவிடக் கூட.

தேவை ஒரு நல்ல பழைய ஸ்டீரியோ டெக். பார்க்க வேண்டியவை: பின்னால் லைன் அவுட் இருக்கணும், டால்பி பி சுவிட்ச் இருக்கணும், ஆட்டோ ரிவர்ஸ் இல்லாததாக இருக்கணும். ஆட்டோ ரிவர்ஸில் ஹெட் சுழலும், அதன் கோணம் ஒவ்வொரு முறையும் துல்லியமாக அதே இடத்தில் நிற்காது. புதிதாக வாங்க முடியும் என்றால் டீயாக் டபிள்யூ-1200 மாதிரி செட்டில் டால்பி பி-க்கு இணையான இரைச்சல் குறைப்பும், 12 சதவீதம் வரை வேகம் கூட்டிக் குறைக்கும் திருகும் இருக்கிறது. பழையதென்றால் பெல்ட், பிஞ்ச் ரோலர் (நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை) மாற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் பெல்ட் அளவு பார்த்துக் கொடுப்பார்கள். பழைய பெல்ட்டைக் கூடவே கொண்டு போகணும். இளகிப் போயிருந்தால் அது ஓடும் சக்கரங்களைச் சுற்றி நூல் வைத்து அளந்து, அதில் சுமார் 5 சதவீதம் குறைத்துக் கேட்கலாம்.

---

வல்வை_சுருதி

தங்கச்சி, பஞ்சு விசயத்துக்கு நான் சொல்லுறன். தனியப் பஞ்சை மட்டும் ஒட்டுறதைவிட முழுக் கோதையும் (கசற்றின்ர பிளாஸ்டிக் கூடு) மாத்துறதுதான் நல்லது. நாப்பது வருசம் வெக்கைக்குள்ள கிடந்த கோது வளைஞ்சிருக்கும். வளைஞ்ச கோது நாடாவை மேலயும் கீழயும் ஏத்தி இறக்கும்.

சோனி, டிடிகே, மேக்செல் நல்ல கசற்றுகளில அஞ்சு திருகாணி இருக்கும்: நாலு மூலையில நாலு, நடுவில ஒண்டு. அதேமாதிரித் திருகாணி உள்ள, புதுசா ஒரு 60 நிமிசக் கசற் வாங்குங்கோ. வெள்ளைத் துணி விரிச்சு அதுக்கு மேல வையுங்கோ, திருகாணியும் உருளையும் உருண்டா தெரியும். கைக்குப் பருத்திக் கையுறை போடுங்கோ.

ஏ பக்கம் மேல பார்க்க வைச்சுத் திருகாணிகளைக் கழட்டி, மேல் மூடியை நேரா மேல தூக்குங்கோ. சரிச்சுத் தூக்கினா மேல் தாளோட நாடாச் சுருளும் கிளம்பி வரும், பிறகு சுத்து குலைஞ்சிடும். உடன ஒரு படம் எடுத்து வையுங்கோ: நாடா எந்த உருளைக்கு வெளியால போகுது, எந்த முளைக்கு உள்ளால வருது எண்டு. ரெண்டு சுருளையும் ஒரேநேரத்தில ரெண்டு கையாலயும் தூக்கிப் புதுக் கோதுக்கு மாத்துங்கோ. வழுக்குத் தாள் ரெண்டும் புதுசையே பாவியுங்கோ. பஞ்சும் அதைத் தாங்குற செப்புப் பட்டைச் சுருளும் புதுக் கோதிலயே இருக்கும்.

மூடினாப் பிறகு திருகாணியை இறுக்கிப்போடாதேங்கோ. மூலைக்கு மூலை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாய். இறுகினா சுருள் சுத்தாது. நட்ராஜ் பென்சில் ஆறு பட்டையானது, பல்லுக்குள்ள சரியாய் நிக்கும். அதால ரெண்டு பக்கமும் சுத்திப் பாருங்கோ, எங்கயாவது தடுக்குதெண்டா திருகாணியை இளக்குங்கோ.

நாடா அறுந்திருந்தா செலோ ரேப் மட்டும் ஒட்டவே வேண்டாம். அதின்ர பசை கசிஞ்சு அடுத்த சுத்தோட ஒட்டிப்போகும். கசற்றுக்கெண்டே 3.81 மில்லிமீற்றர் அகல ஒட்டுநாடா இருக்கு. ஹெட்டைப் பாக்கிற வெளிப்பக்கம் பதிவுப் பக்கம். ஒட்டுறது உள்பக்கம், முதுகில.

---

கீழக்கரை_நிலா

மிக்க நன்றி அண்ணா. ஐந்து திருகாணி இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ தூசி மாதிரி இருக்கிறதே?

---

நாடாச்சுருள்

அது தூசியாக இருக்காது, பூஞ்சை. கடற்கரை ஊர்க் காற்றில் வரும். அதோடு டெக்கில் போட்டால் ஹெட், ரோலர் எல்லாவற்றிலும் ஒட்டி அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும்.

மற்ற கேசட்டுகளிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் ஒரு வாரம் வையுங்கள். காய்ந்த பூஞ்சை உதிரும், ஈரமானது தேய்ந்து ஒட்டும். பிறகு வெட்டவெளியில், மூக்கை மூடிக்கொண்டு, கோது மாற்றும்போது சுருளின் ஓரத்தை மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். புதுக் கோதில் போட்டதும் பென்சிலால் மெதுவாகச் சுற்றியபடி, முன்திறப்பில் பஞ்சு உதிராத துணியை நாடாவில் படிய வைத்து முழுவதும் ஒருமுறை துடைக்கணும். தண்ணீர், ஸ்பிரிட் எதுவும் நாடாவில் படக் கூடாது.

டெக் பக்கம்: ஹெட்டையும் கேப்ஸ்டன் எனும் அந்த மெல்லிய இரும்புத் தண்டையும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட குச்சிப் பஞ்சால். ரப்பர் ரோலரை மட்டும் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, ஈரம் காயவிட்டு. ஆல்கஹால் ரப்பரை நாளடைவில் இறுக வைக்கும். இந்தக் கேசட்டின் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் திரும்பத் துடையுங்கள்.

இனி ஹெட் கோணம். இந்த இழையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி, அதாவது தாளத்தின் கிணிகிணுப்பும் 'ச' எழுத்தின் சீறலும், நாடாவில் 4.76 மைக்ரான் நீளத்துக்கு ஒரு அலையாகப் பதிந்திருக்கிறது. மோனோ தடத்தின் அகலம் சுமார் 1.5 மில்லிமீட்டர். பதிந்த ஹெட்டும் படிக்கிற ஹெட்டும் ஒன்றுக்கொன்று 0.18 டிகிரி சாய்ந்திருந்தாலே போதும், தடத்தின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றையொன்று அழித்து அந்த ஒலி முழுசாகக் காணாமல் போகும். ரெக்கார்டிங் சென்டர் டெக் ஒரு கோணம், ரியாத் செட் ஒரு கோணம், உங்கள் டெக் வேறு ஒரு கோணம். காணாமல் போன ஒலியைக் கம்ப்யூட்டரில் டிரெபிளை ஏற்றி மீட்க முடியாது. இரைச்சல்தான் ஏறும்.

செய்முறை: ஹெட்டின் இரண்டு பக்கமும் திருகாணி இருக்கும். ஒன்று அசையாதது, இன்னொன்றின் அடியில் ஸ்பிரிங், தலையில் பெயின்ட் பொட்டு. ஸ்பிரிங் உள்ளதைத்தான் தொடணும். காந்தம் ஏறாத மெல்லிய ஸ்க்ரூ டிரைவர். திருகும் முன் இப்போதைய நிலையை நுண்ணிய கோடாக மார்க் செய்துவிடுங்கள். டால்பி ஆஃப். இரண்டு சேனலையும் சேர்த்து மோனோவாக்கி ஹெட்போனில் கேளுங்கள், கோணப் பிழை மோனோவில்தான் பளிச்சென்று தெரியும். பாட்டு ஓடும்போதே மிக மெதுவாகத் திருப்புங்கள், கால் சுற்றுக்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். ஒரு புள்ளியில் தாளம் சட்டென்று திறக்கும். அதைத் தாண்டினால் திரும்ப மூடும். திறந்த புள்ளிக்கே திரும்பி வந்து நிறுத்துங்கள்.

ஏ பக்கத்துக்கு ஒரு முறை, பி பக்கத்துக்கு இன்னொரு முறை. பி பக்கத்திலேயே ரேடியோப் பதிவு வேறு செட்டில் செய்ததாக இருந்தால் அதற்குத் தனியாக. எல்லாம் முடிந்ததும் மார்க் செய்த கோட்டுக்குத் திருப்பிவிடுங்கள்.

---

ஓம்விதி

கணினிப் பக்கம் என்னுடையது.

லேப்டாப்பின் மைக் துளையில் சொருகாதீர்கள். பெரும்பாலும் அது மோனோ, மைக்குக்கென்று சிறு மின்னழுத்தமும் அதில் ஓடும். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து சிவப்பு-வெள்ளை ஆர்.சி.ஏ வயர், அங்கிருந்து ஒரு யூ.எஸ்.பி ஆடியோ இன்டர்பேஸ். பெஹ்ரிங்கர் யூ.சி.ஏ 202 மாதிரி சின்னப் பெட்டியே கேசட்டுக்குத் தாங்கும், அது 16 பிட் 48 கிலோஹெர்ட்ஸ். 24 பிட் உள்ளது கிடைத்தால் அளவை அடக்கமாக வைக்கலாம், நல்லது.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 48000, 24 பிட், ஸ்டீரியோ. பாட்டின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி முதலிலேயே அளவை வைத்துவிட்டு, பதியும்போது தொடாதீர்கள். நிமிடத்துக்குச் சுமார் 17 எம்.பி, அரைமணி நேரப் பக்கத்துக்கு 520 எம்.பி வரும். ஃபிளாக் வகைக் கோப்பாகச் சேமித்தால் ஒலி குறையாமல் அளவு கணிசமாகக் குறையும்.

முழுப் பக்கத்தையும் ஒரே ஓட்டமாகப் பதியுங்கள், மூன்றாவது பாட்டை மட்டும் அல்ல. பாட்டுக்கு நடுவே உள்ள மௌனம், பட்டன் அழுத்தின டக், எல்லாம் வேண்டும். ஏன் என்பது வேகத்தைச் சரிசெய்யும்போது தெரியும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பதிந்தால் ஹம் (மின்சார ரீங்காரம்) குறையும்.

டெக்கில் ஒரு சுவிட்ச் 120 / 70 மைக்ரோ செகண்ட் அல்லது நார்மல் / குரோம் என்று இருந்தால் நார்மல். எச்.எஃப் 60 சாதாரண வகை நாடா.

வேகம்: பி பக்கத்தில் பேச்சுக்கு நடுவே சும்மா இருக்கும் இடத்தில் ஒரு ரீங்காரம் கேட்கிறதா? கரண்டில் போட்டுப் பதிந்த செட் என்றால் மின்சார ஹம்மும் சேர்ந்தே பதிந்திருக்கும். வளைகுடாவில் துபாய், குவைத், கத்தார், மஸ்கட் எல்லாம் 50 ஹெர்ட்ஸ். சவூதி மட்டும் 60. ஆகவே அந்த நாடாவுக்குள்ளேயே ரியாத்தின் மின்நிலையம் ஒரு அளவுகோலை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

மௌனமான இடத்தில் சில நொடிகள் தேர்ந்தெடுத்து அனலைஸ், பிளாட் ஸ்பெக்ட்ரம், அளவு 65536. 60க்குப் பதில் அதன் நாலாம் மடங்கான 240 பக்கம் பாருங்கள், பிழை நாலில் ஒன்றாகும். உதாரணமாக வரைபடத்தின் உச்சமுனை 230.4ல் நின்றால் 240 ÷ 230.4 = 1.042. எஃபெக்டில் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கருவியைத் தேர்ந்து 1.042 போடுங்கள். டெம்போ மட்டும் மாற்றுவது, பிட்ச் மட்டும் மாற்றுவது இரண்டும் இங்கே தவறு. நாடா மெதுவாக ஓடினால் இரண்டும் சேர்ந்தே குறைகிறது.

ஒரு எச்சரிக்கை. இப்போது ஓட்டும் உங்கள் டெக்கும் இந்திய மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஹம்மைச் சேர்க்கும். கேசட்டை நிறுத்திவிட்டு நாலு நொடி பதிந்து பாருங்கள், அதில் தெரிகிற முனைகள் இந்த வீட்டுடையவை. அவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

---

வல்வை_சுருதி

இதோட ஒண்டு சேர்க்கிறன். கனடாவில பதிஞ்ச கசற்றும் 60 தான். லண்டன், பாரிஸ், சூரிச் எல்லாம் 50. ஊரிலயிருந்து ரொறொன்ரோவுக்கு வந்த கசற்றுக்கு மேல இங்க பதிஞ்சிருந்தா ஒரே நாடாவில ரெண்டும் கலந்திருக்கும். பேச்சு மாறுற இடத்தில திரும்ப அளவெடுங்கோ.

பற்றறியில பதிஞ்சதெண்டா ஹம் இராது. அதோட பற்றறி இறங்க இறங்கச் செற் மெதுவா ஓடிப் பதிஞ்சிருக்கும், இப்ப சரியான வேகத்தில போட்டா கடைசிப் பகுதி கீச்செண்டு கேக்கும். அப்பிடியானதுக்கு ஒரே எண் உதவாது. ஆடாசிட்டியில ரைம் ட்ராக் இருக்கு, தொடக்கத்தில ஒண்டு, முடிவில ஒண்டு எண்டு வளைச்சு விடலாம்.

---

ரெக்கார்ட்_ரங்கன்

ஓம்விதி சொன்ன முறை பி பக்கத்துப் பேச்சுக்கு அருமையானது. ஏ பக்கத்துப் பாட்டுக்கு அது போதாது என்பது என் உறுதியான கருத்து.

ரெக்கார்டிங் சென்டர் எல்.பி என்ற பெரிய இசைத்தட்டிலிருந்தோ இ.பி என்ற சின்னத் தட்டிலிருந்தோ கேசட்டுக்கு மாற்றியிருக்கும். அங்கே இரண்டு இயந்திரங்கள்: தட்டு சுழற்றும் பிளேயர், கேசட் டெக். ஹம் காட்டுவது கேசட் டெக்கின் பிழையை மட்டும். தட்டு மெதுவாகச் சுழன்றிருந்தால் ஹம்முக்கு அது தெரியவே தெரியாது.

தட்டில் ஒரு கீறல் இருந்தால் சுற்றுக்கு ஒரு முறை 'டிக்' கேட்கும். எல்.பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஆகவே இரண்டு டிக்குக்கு நடுவே சரியாக 1.8 நொடி. 45 சுற்று இ.பி என்றால் 1.333 நொடி. பாட்டு தொடங்கும் முன் ஊசி வைத்த சில நொடிகளில் டிக் தெளிவாகத் தெரியும், அதனால்தான் மௌனத்தை வெட்டக் கூடாது. ஒரு இடைவெளியை மட்டும் அளக்காதீர்கள். முதல் டிக்கிலிருந்து பதினோராவது டிக் வரை அளந்து பத்தால் வகுங்கள். இதில் பிளேயர் பிழை, சென்டர் டெக் பிழை, உங்கள் டெக் பிழை மூன்றும் ஒரே எண்ணில் அடங்கிவிடும்.

யூடியூபுடன் ஒப்பிட்டுச் சுருதி வைக்கலாமே என்று யாராவது சொல்வதற்கு முன்: செய்யாதீர்கள். அங்கே கிடைப்பவற்றில் பலவே வேகம் மாறியவை. படத்தின் பிரதியிலிருந்து எடுத்ததும் உண்டு, குறுந்தகட்டுக்கு மாற்றும்போது எதிரொலி ஏற்றியதும் உண்டு, மோனோவைப் பிரித்துப் போலி ஸ்டீரியோ ஆக்கியதும் உண்டு.

பெரியவர் "இது இல்லை" என்பதற்கும் நியாயமான காரணங்கள் இருக்கின்றன. படத்தில் வரும் வடிவமும் தட்டில் வந்த வடிவமும் பல பாட்டுகளில் ஒன்றல்ல. இ.பி தட்டில் பக்கத்துக்கு இரண்டு பாட்டு அடைக்கச் சில சமயம் இடையிசையைக் குறைத்தார்கள். சில பாட்டில் தட்டில் உள்ள ஒரு சரணம் படத்தில் கிடையாது. பாடியவரே மாறியிருப்பதும் உண்டு. சரணங்களின் எண்ணிக்கை, இடையிசையின் நீளம், மொத்த நீளம் மூன்றையும் எழுதி ஒப்பிடுங்கள். வேகத்தைத் திருத்திய பிறகுதான் நீளத்தை ஒப்பிடணும்.

---

கீழக்கரை_நிலா

டெக் கிடைத்தது, கோது மாற்றியாகிவிட்டது. ஹெட் கோணம் திருப்பியதும் தாளம் கேட்கிறது, நம்பவே முடியவில்லை!

அளவுகள்: மூன்றாவது பாட்டின் முன் டிக் இருக்கிறது. பத்துச் சுற்றுக்கு 18.7 நொடி. ஏ பக்கம் ஊரில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பதிந்தது; அதே இடத்தில் ஹம்மின் இரண்டாம் மடங்கு முனை 100க்குப் பதில் 98ல். தலைகீழ்ப் பேச்சு இன்னும் கேட்கிறது, வலது காதில்தான் அதிகம். இடது காதில் அநேகமாக இல்லை.

---

ரெக்கார்ட்_ரங்கன்

அழகாக அளந்திருக்கிறீர்கள். 1.87 ÷ 1.8 = 1.039. பாட்டை 3.9 சதவீதம் வேகப்படுத்தணும். ஹம் சொல்வது 100 ÷ 98, அதாவது 2 சதவீதம்தான். மீதி ஏறக்குறைய 1.8 சதவீதம் அந்த சென்டரின் ரெக்கார்ட் பிளேயர் மெதுவாகச் சுழன்றதால் வந்தது. ஹம்மை மட்டும் நம்பியிருந்தால் பாட்டு இன்னும் இறங்கியே இருந்திருக்கும்.

ஒரு சுரத்தானம் என்பது 5.95 சதவீதம். உங்கள் பாட்டு அதில் மூன்றில் இரண்டு பங்கு இறங்கியிருந்தது. ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையிலும் சேராமல் நடுவில் நின்றிருக்கும். 1.039 போட்ட பிறகு ஆர்மோனியத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஓரளவு சேர்ந்தால் கணக்கு சரி. நூலிழை வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள், அன்றைய ஒலிப்பதிவுக்கூடத்து வாத்தியங்களே இன்றைய 440 ஹெர்ட்ஸ் சுருதி அளவுக்குச் சரியாக நின்றதில்லை.

முதல், இரண்டாவது பாட்டுகளுக்குத் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒன்று எல்.பி, ஒன்று இ.பி என்றால் பிளேயரின் பிழை வேகத்துக்கு வேகம் மாறும்.

---

நாடாச்சுருள்

வலது காதில் தலைகீழ்ப் பேச்சு என்றால் காரணம் தெளிவு. கேசட் நாடாவில் நாலு தடம். ஏ பக்கத்தின் இடது சேனல் வெளி விளிம்பில், வலது சேனல் நடுவை ஒட்டி. பி பக்கமும் அப்படியே, மறுமுனையிலிருந்து. ஆக இரண்டு பக்கத்து வலது சேனல்களும் நடுவில் அடுத்தடுத்து இருக்கின்றன. ரியாத் டூ-இன்-ஒன்னின் ஹெட் கொஞ்சம் உயரம் தப்பி நின்றிருக்கிறது. பி பக்கத்தில் பேசும்போது எல்லையைத் தாண்டி ஏ பக்கத்து வலது தடத்தின் ஓரத்திலும் பேச்சு ஏறிவிட்டது.

இதை எந்த மென்பொருளாலும் பிரிக்க முயலாதீர்கள். அந்தப் பாட்டு மோனோ தட்டிலிருந்து வந்ததா என்று பாருங்கள்: இடது, வலதில் ஒன்றின் அலையை மேல்கீழாகப் புரட்டி (இன்வர்ட், ரிவர்ஸ் அல்ல) மற்றதோடு கூட்டினால் பாட்டு பெரும்பாலும் மறைந்து பேச்சு மட்டும் மிஞ்சினால் மோனோ. அப்படியானால் இடது சேனலை மட்டும் எடுத்து இரண்டு காதுக்கும் கொடுங்கள். வழக்கமாக மோனோப் பதிவில் இரண்டு சேனலையும் கூட்டுவதால் இரைச்சல் 3 டெசிபல் குறையும், இங்கே அந்த லாபத்தை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

இடது தடம் வெளி விளிம்பில் இருப்பதால் நாடா ஓரம் மடிந்த இடங்களில் சத்தம் சட்டென்று விழும். அங்கே மட்டும் அரை நொடி, ஒரு நொடிக்கு வலதிலிருந்து எடுத்து ஒட்டலாம்.

---

ஓம்விதி

இரைச்சல் நீக்கம் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லாரும் கெடுப்பது இங்கேதான்.

வரிசை இப்படி: மூல ஃபிளாக்கைத் தொடாமல் ஒரு பிரதி. முதலில் சேனல் தேர்வு, பிறகு வேகத் திருத்தம், கடைசியில்தான் இரைச்சல். தட்டு டிக்குகளைக் கிளிக் ரிமூவலில் எடுக்கலாம், ஆனால் மிருதங்கம், தபேலாவின் முதல் அடியையும் அது டிக் என்று நினைத்து விழுங்கும். பெரிய நாலைந்து டிக்குகளைக் கையால் எடுப்பது மேல்.

ஹிஸ்ஸுக்கு (நாடாவின் 'ஸ்ஸ்' இரைச்சல்) மௌனமான இடத்தில் மாதிரி எடுத்து 6 டெசிபல் மட்டும் குறையுங்கள். 12, 15 என்று போனால் பெண் குரலின் முடிவில் தண்ணீருக்குள் பேசுவது போல ஒரு குமிழிச் சத்தம் வரும். கொஞ்சம் ஹிஸ் இருப்பது காதுக்குச் சுமையே அல்ல.

ஹம்முக்கு நாட்ச் ஃபில்டர், அதாவது ஒரே ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் வடிகட்டி. வீட்டு டெக்கின் 50ஐ வேகத் திருத்தத்துக்கு முன்னாலேயே எடுங்கள், திருத்திய பிறகு அது 52 பக்கம் நகர்ந்துவிடும். பி பக்கத்தில் ரியாத்தின் ஹம்முக்கு நேர்மாறு: திருத்திய பிறகு 60, 120, 180 என்று துல்லியமாக வந்து நிற்கும், அப்போது எடுங்கள்.

டால்பி: கேசட்டில் அடையாளம் இல்லை என்றால் ஆஃபில் பதிவதே பாதுகாப்பு. டூ-இன்-ஒன்னில் பெரும்பாலும் டால்பி கிடையாது. சென்டரில் போட்டிருக்க வாய்ப்புண்டு. ஹெட் கோணம் சரியான பிறகும் தாளம் காதைக் குத்துகிற அளவு கூர்மையாக இருந்தால் டால்பி பி போட்டுக் கேட்டுப் பாருங்கள். கோணம் சரிசெய்யும் முன் இந்த முடிவுக்கு வரக் கூடாது. மந்தமான பதிவில் டால்பி போட்டால் இன்னும் மந்தமாகும்.

---

வல்வை_சுருதி

பி பக்கத்தில ரேடியோப் பாட்டு இருக்கெண்டு சொன்னனீங்கள். சிற்றலையில பிடிச்சதெண்டா மெல்லிய விசில் ஒண்டு விடாமல் கேக்கும். பக்கத்து நிலையத்தின்ர அலையோட மோதி வாறது. சிற்றலையில அது அனேகமா 5 கிலோஹெர்ட்ஸ். மத்திய அலையில எண்டா 9 கிலோஹெர்ட்ஸ், 1978க்குப் பிறகு நிலையங்களுக்கு நடுவில அந்த இடைவெளிதான். அந்த விசிலும் ஒரு அளவுகோல். 5000 வரவேண்டியது 4800ல நிண்டா 1.042 போடுங்கோ. ஹம்மில வந்த எண்ணோட ஒத்துவந்தா சந்தேகமே இல்லை. வேகம் திருத்தினாப் பிறகு விசிலை ஒடுக்கமான நாட்ச்சால எடுத்துவிடலாம், குரலுக்கு ஒண்டும் ஆகாது.

அறையில இருந்த ஆக்கள் பாடின பகுதிக்கு மட்டும் இரைச்சல் நீக்கம் ஒண்டும் போடாதேங்கோ. ஒரே மைக்கில தூரத்திலயிருந்து பதிஞ்ச குரலுகள், ஏசிச் சத்தத்துக்குள்ள பாதி கரைஞ்சிருக்கும். ஏசியை எடுக்கப்போனா பின்னுக்கு நிண்டு பாடின ஆளும் போயிடுவார்.

---

கீழக்கரை_நிலா

இடது சேனல் மட்டும், 1.039, ஹிஸ் 6 டெசிபல். வாப்பா முதல் வரியிலேயே "ஆங், இதுதான்" என்றார். தட்டு வடிவத்தில் ஒரு சரணம் அதிகம், யூடியூபில் இருப்பதில் அது இல்லை. ரங்கன் சார் சொன்னது சரி.

இன்னும் ஆறேழு கேசட் இருக்கிறது. அதில் இரண்டு 120 நிமிடம் என்று போட்டிருக்கிறது. அதையும் இதே மாதிரி செய்யலாமா?

---

நாடாச்சுருள்

120ஐ மற்றதுபோல நினைக்காதீர்கள். 60 நிமிட நாடாவின் தடிமன் சுமார் 18 மைக்ரான், 90க்கு 12, 120க்கு வெறும் 9. வேகமாகச் சுற்றினாலோ, நின்று போய்த் திடீரென்று இழுத்தாலோ நீண்டுவிடும், நீண்ட நாடா திரும்பச் சுருங்காது. ரோலரில் சுற்றிக்கொள்வதும் இதுதான் அதிகம்.

அதனால் 120க்கு ஃபாஸ்ட் ஃபார்வர்டு, ரீவைண்டு இரண்டும் கூடவே கூடாது. தொடக்கத்துக்குக் கொண்டுவரணும் என்றால் பென்சிலால் சுற்றுங்கள், அல்லது கேசட்டைத் திருப்பிப்போட்டு மறுபக்கத்தை ப்ளேயில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். எப்படியும் ஓடத்தான் போகிறது, அந்த ஓட்டத்திலேயே மறுபக்கத்தைப் பதிந்துகொள்ளலாம். அதனால் கோணத்தைத் தொடக்கத்திலேயே இரண்டு நிமிடத்துக்குள் பார்த்துவிட்டு, நிறுத்தி நிறுத்திச் சோதிக்காமல் ஒரே ஓட்டமாக விடுங்கள். ரோலர் புதியதாக, வழுவழுப்பு இல்லாமல் இருக்கணும். முதலில் 60களை முடித்துக் கை பழகியபின் 120ஐ எடுங்கள்.